அஸ்ட்ரோ-டேட்டாபேங்க்: யோகத்துக்கும் சாதனைக்கும் தொடர்பு தேடுபவர்களுக்கு ஒரு விரிவான மதிப்புரை

செவ்வாயால் வரும் ருசக யோகம் இருந்தால் வீரர், சனியால் வரும் சச யோகம் இருந்தால் தலைவர், சந்திரனுக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் இடங்களில்) குரு இருந்தால் கஜகேசரி, புகழ் தேடி வரும். ஜோதிடம் படிப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். உதாரணம் கேட்டால் நாலு பிரபலங்களின் கட்டத்தையும் போட்டுக் காட்டுவார்கள். அந்த நாலு பேருடைய பிறந்த நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கிரக அமைப்புக்கும் மனிதரின் சாதனைக்கும் தொடர்பு உண்டா என்ற விசாரணை முதலில் தடுக்கி விழும் இடம் அதுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அஸ்ட்ரோ-டேட்டாபேங்க் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே கட்டப்பட்ட ஜாதகக் களஞ்சியம்.

இதைத் தொடங்கியவர் லோயிஸ் ராடன் (1928–2003) என்ற அமெரிக்க ஜோதிடர். நூல்களிலும் பத்திரிகைகளிலும் ஒரே பிரபலத்துக்கு மூன்று நான்கு பிறந்த நேரங்கள் உலவுவதைப் பார்த்து, ஒவ்வொரு நேரத்துக்கும் ஆதாரம் என்ன என்று குறித்துவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவர் மறைந்தபின் சுவிட்சர்லாந்தின் அஸ்ட்ரோடியன்ஸ்ட் நிறுவனம் இத்தொகுப்பை வாங்கி, விக்கி வடிவத்தில் பொதுப் பார்வைக்கு வைத்தது. படிக்கக் கட்டணம் இல்லை.

ஒரு நபரின் பக்கத்தைத் திறந்தால் பிறந்த தேதி, நேரம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, நேர வலயம், தரவின் மூலம், ராடன் மதிப்பீடு, தரவைச் சேகரித்தவர் பெயர் ஆகியவை மேலே ஒரு பெட்டியில் இருக்கும். கீழே வாழ்க்கைக் குறிப்பு, உறவுகள், தேதியிட்ட நிகழ்வுகள், மூலக் குறிப்புகள், கடைசியில் பிரிவுகள். தொழில், விளையாட்டு, விருது, நோய், குடும்பம் என்று கிளை பிரியும் அந்தப் பிரிவுகள்தான் ஆய்வுக்கு ஏற்றவை. நோபல் பரிசு பெற்றவர்களை மட்டுமோ, கால்பந்து வீரர்களை மட்டுமோ தனியே எடுக்கலாம்.

மதிப்பீட்டு எழுத்துகளைப் புரிந்துகொள்ளாமல் இத்தளத்தைப் பயன்படுத்துவது வீண். ஏஏ என்றால் பிறப்புச் சான்று, பிறப்புப் பதிவேடு போன்ற ஆவணத்திலிருந்து வந்த நேரம். ஏ என்றால் அவரோ அவர் குடும்பத்தினரோ நினைவிலிருந்து சொன்னது. பி என்றால் வாழ்க்கை வரலாற்று நூலிலிருந்து எடுத்தது. சி என்றால் எச்சரிக்கை: மூலம் தெரியாது, அல்லது ஜோதிடர் திருத்திய நேரம். டிடி என்றால் ஒன்றுக்கொன்று முரணான நேரங்கள். எக்ஸ் என்றால் நேரமே இல்லை. எக்ஸ்எக்ஸ் என்றால் தேதியே சந்தேகம்.

லக்னத்தையும் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிப் புள்ளி) பாவத்தையும் (அதிலிருந்து எண்ணும் வீடுகள்) வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் ஏஏ மட்டும் எடுங்கள். ஏ வகையைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் நினைவில் நிற்கும் நேரங்கள் மணியிலும் அரை மணியிலும் குவியும். திருத்திய நேரங்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஜனன நேரத் திருத்தம் என்பதே வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் பொருந்தும்படி லக்னத்தை நகர்த்துவது. அப்படிப் பொருத்திய ஜாதகத்தை எடுத்து, நிகழ்வோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் பொருந்தத்தானே செய்யும்? தளம் இவற்றைத் தனியே குறித்துவைத்திருப்பது பெரிய உதவி.

ஏஏ என்பது ஆவணத்தின் தரம் மட்டுமே, கடிகாரத்தின் துல்லியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. ஆவணம் எழுதிய குமாஸ்தாவிடம் குழந்தையின் தந்தை மறுநாள் வந்து சொன்ன நேரமும் ஏஏ-வில்தான் சேரும். எடுத்த மாதிரியில் நேரத்தின் நிமிடப் பகுதியை மட்டும் எண்ணிப் பாருங்கள். நேர்மையாகக் கடிகாரம் பார்த்து எழுதியிருந்தால் அறுபதில் ஒரு பங்குதான் சரியாக மணியில் விழ வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பதிவுகளில் மணியிலேயே பெரும்பகுதி குவிந்திருக்கும். லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, ஒரு நவாம்சம் (ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு) சுமார் 13 நிமிடத்தில் கடந்துபோகிறது. மணிக்கு முழுமையாக்கிய நேரத்தை வைத்துக்கொண்டு ராசிக் கட்டம் வரை பேசலாம். நவாம்ச லக்னத்தைப் பற்றிப் பேசினால் அது ஊகம். சஷ்டியம்சத்தை (ராசியில் அறுபதில் ஒரு பங்கு) தொடவே வேண்டாம், அங்கே 2 நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும்.

எந்த நாட்டவர் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதையும் ஆவண வழக்கமே தீர்மானித்திருக்கிறது. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி போன்ற நாடுகளில் குடிமைப் பதிவேட்டில் பிறந்த நேரம் எழுதுவது நெடுநாள் வழக்கம். ஸ்காட்லாந்திலும் 1855 முதல் உண்டு. இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளுக்கு மட்டும்தான் சான்றிதழில் நேரம் எழுதுவார்கள். அதனால் ஆங்கிலேய எழுத்தாளர்களை பிரெஞ்சு எழுத்தாளர்களோடு ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது இரண்டு வகை ஆவணங்கள்தான். இந்தியர்களின் பதிவு மிகக் குறைவு, இருப்பதிலும் ஏஏ அபூர்வம். நம் ஊர்ச் சாதனையாளர்களை வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு இத்தளம் போதாது.

சரி, ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்: 1879 மார்ச் 14, காலை 11.30, ஜெர்மனியின் உல்ம் நகரம். மூலம் பிறப்புப் பதிவேடு, மதிப்பீடு ஏஏ. தளம் காட்டுவது மேற்கத்தியர் பயன்படுத்தும் சாயனக் கட்டம். நம் நிரயனக் கட்டத்துக்கு வர, அயனாம்சம் என்ற வித்தியாசத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். லக்னம் சாயனக் கடகத்தில் ஏறக்குறைய பதினொன்றரை பாகையில் இருக்கும். அன்றைய லாகிரி அயனாம்சம் சுமார் 22 பாகை 10 கலை. கழித்தால் மிதுன லக்னம், பத்தொன்பதரை பாகை. பத்தாம் இடமான மீனத்தில் சூரியன், புதன், சனி, சுக்கிரன் நால்வர். மகரத்தில் செவ்வாய், கும்பத்தில் குரு, விருச்சிகத்தில் சந்திரன்.

கேந்திரத்தில் உச்ச சுக்கிரன், ஆகவே மாளவ்ய யோகம். சந்திரனுக்கு நாலில் குரு, ஆகவே கஜகேசரி. நீச (பலம் குன்றிய) புதனோடு உச்ச சுக்கிரன் சேர்ந்ததால் நீசபங்கம், அதாவது அந்தக் குறை நீங்குகிறது. மேதையின் ஜாதகம் என்று இதை வகுப்பில் பாடமாக நடத்தலாம். ஆனால் அதே கட்டத்தில் சந்திரன் ஆறாம் இடத்தில் நீசம், செவ்வாய் உச்சமாகியும் எட்டில் மறைவு. பெயரை மறைத்துக் கொடுத்தால், மாளவ்ய யோகத்தைப் பார்த்துக் கலைஞர் என்றோ, சுகபோகி என்றோ, வாகன வசதி உடையவர் என்றோ சொல்லத்தான் நூல்கள் இடம் தருகின்றன. இயற்பியல் விஞ்ஞானி என்று சொல்ல, பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒற்றை ஜாதகத்தை வைத்து யோகத்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தொகுப்பாக எடுத்து எண்ணினால்தான் எதுவும் தெரியும்.

இதே ஜாதகம் நேர வலயத்தின் ஆபத்தையும் காட்டுகிறது. ஜெர்மனி முழுவதற்கும் மத்திய ஐரோப்பிய நேரம் வந்தது 1893-இல்தான். 1879-இல் உல்ம் நகரத்துக்கு உள்ளூர்ச் சராசரி நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 40 நிமிடம் முன்னால். மென்பொருளில் ஜெர்மனி என்றதும் ஒரு மணி நேரம் என்று போட்டுவிட்டால் 20 நிமிடப் பிழை வந்துவிடும். லக்னம் நாலு பாகைக்கு மேல் பின்னால் போகும். ராசி மிதுனமாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது. நவாம்ச லக்னம் மட்டும் மீனத்திலிருந்து கும்பத்துக்குத் தாவியிருக்கும். பிரான்ஸில் 1911-இல் பாரிஸ் நேரம் 9 நிமிடம் 21 விநாடி பின்னுக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் ஜெர்மன் நேரம் ஓடியது. தளத்தின் பெட்டியில் இருக்கும் நேர வலயக் குறியீட்டை அப்படியே எடுத்து உலக நேரமாக மாற்றிக்கொள்வது, நம் மென்பொருளின் ஊர்ப் பட்டியலை நம்புவதைவிடப் பாதுகாப்பு.

பழைய பதிவுகளில் நாட்காட்டியையும் பாருங்கள். ஐசக் நியூட்டன் பிறந்தது ஜூலியன் கணக்கில் 1642 டிசம்பர் 25, கிரிகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4. பத்து நாள் வித்தியாசம். நாட்காட்டியை மாற்றிப் போட்டால் சந்திரன் நான்கு ராசிக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

கணிதத்துக்கு அஸ்ட்ரோடியன்ஸ்டே வெளியிட்ட ஸ்விஸ் எஃபிமெரிஸ் என்ற கிரகநிலை மென்பொருள் போதுமானது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் கிரகக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது, திறந்த உரிமத்திலும் கிடைக்கிறது. பைத்தான் மொழியில் இதைப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. நிரயனக் கணக்கு வேண்டும் என்ற கொடியை (flag) மட்டும் போட்டுவிட்டு, எந்த அயனாம்சம் என்று சொல்லாமல் விட்டால் அது தானாக ஃபேகன்-பிராட்லி அயனாம்சத்தை எடுத்துக்கொள்ளும். லாகிரிக்கு எண் 1 என்று தனியே கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 53 கலை. சின்னது போலத் தெரியும், ஆனால் நூற்றுக்கு மூன்று கிரக நிலைகள் பக்கத்து ராசிக்கு மாறிவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது அடுத்த பிழை. அது அமெரிக்கர் அனைவரின் லக்னத்தையும் கெடுத்துவிடும். ஐன்ஸ்டீன் போல விடை தெரிந்த ஒரு ஜாதகத்தை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரம் ஜாதகத்துக்குப் போக வேண்டும்.

யோகம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

தளத்தின் பிரிவுகளைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, சாதனையாளர்களில் எத்தனை பேருக்கு யோகம் இருக்கிறது என்று எண்ணுவது. சாதிக்காதவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்ற எண் கையில் இல்லாமல் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது. அதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

கஜகேசரிக்குச் சந்திரனிலிருந்து 1, 4, 7, 10 ஆகிய நான்கு இடங்கள். பன்னிரண்டில் நான்கு, ஆகவே மூன்றில் ஒருவருக்கு இந்த யோகம் உண்டு. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது என்பதால், சூரியனும் புதனும் ஒரே ராசியில் நிற்கும் புதாதித்ய யோகம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். பஞ்ச மகா புருஷ யோகங்கள் (ருசக, பத்ர, மாளவ்ய, சச உள்ளிட்டவை) என்பவை, ஒரு கிரகம் ஆட்சி அல்லது உச்ச ராசியில், லக்னத்துக்குக் கேந்திரத்தில் நிற்பதால் வருபவை. அவற்றில் செவ்வாய், குரு, சுக்கிரன், சனி நால்வருக்கும் ஆட்சியும் உச்சமுமாக மும்மூன்று ராசிகள். அதில் கேந்திரமாக வேண்டியது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொன்றும் நூற்றுக்கு 8 பேருக்கு. புதனுக்கு ஆட்சியும் உச்சமும் கன்னியிலேயே அமைவதால் இரண்டே ராசிகள், பத்ர யோகம் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு. ஐந்தில் ஒன்றாவது உள்ளவர்கள் என்று சேர்த்துக் கணக்கிட்டால் மறுபடி மூன்றில் ஒருவர். இந்த ஏழு யோகங்களில் ஏதேனும் ஒன்று உள்ளவர்கள் நான்கில் மூன்று பேருக்கும் சற்று அதிகம். எந்தத் துறைப் பிரபலத்தை எடுத்தாலும் ஒரு யோகம் கிடைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சராசரியும் காலத்துக்குக் காலம் ஆடும். சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருக்கிறது. திருக்கணிதப்படி 2020 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை சனி மகரத்திலும் கும்பத்திலும் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்குச் சச யோகம். அதற்கு முன் விருச்சிகத்திலும் தனுசிலும் இருந்த ஐந்து ஆண்டுகளில் யாருக்குமே கிடையாது. ஒரு குறிப்பிட்ட தலைமுறையின் விளையாட்டு நட்சத்திரங்களை எடுத்துச் சச யோகத்தை எண்ணினால், கிடைப்பது அவர்கள் பிறந்த ஆண்டுகளின் கணக்கு. திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

லக்னத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது, ஐரோப்பியத் தரவுகளில் இது மிகக் கடுமையாக வேலை செய்யும். ஒவ்வொரு ராசியும் உதிக்க 2 மணி நேரம் என்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஏறக்குறைய சரி. 50 பாகை வட அட்சத்தில் சாயன மேஷமும் மீனமும் உதிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. சாயனக் கன்னியும் துலாமும் தலைக்கு 2 மணி 48 நிமிடம் எடுத்துக்கொள்ளும். நிரயனத்தில் அந்த நீட்சி சிம்மத்தின் மேலும் கன்னியின் மேலும் விழும். விஞ்ஞானிகளில் சிம்ம, கன்னி லக்னம் மிகுதி என்று ஒருவர் கண்டுபிடித்தால், அதே ஊரின் ரொட்டிக் கடைக்காரர்களிடமும் அது மிகுதியாகவே இருக்கும்.

சூரியன் நிற்கும் ராசியில் உண்மையாகவே சாதனையோடு தொடர்புடைய ஒரு சாய்வு உண்டு, ஆனால் காரணம் வேறு. சிறுவர் அணிகளைப் பிறந்த தேதியின்படி வகுப்பு பிரிக்கும் விளையாட்டுகளில், வரம்புத் தேதிக்கு அடுத்து வரும் மாதங்களில் பிறந்தவர்கள் அந்த வகுப்பிலேயே மூத்தவர்கள். உடல் வளர்ச்சியில் முந்தி நிற்பதால் தேர்வாகிறார்கள், நல்ல பயிற்சி கிடைக்கிறது, கடைசியில் தொழில்முறை அணியிலும் அவர்களே மிகுதி. கனடாவின் பனி ஹாக்கியில் வரம்பு ஜனவரி 1. ஆகவே அங்கே தனுசின் கடைசியிலும் மகரத்திலும் கும்பத்திலும் சூரியன் உள்ள வீரர்கள் குவிகிறார்கள். வரம்புத் தேதியை மாற்றினால் ராசியும் மாறும்.

கோக்லென் தேடியது

இத்துறையில் முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிரான்ஸின் மிஷேல் கோக்லென் (1928–1991). மனைவி பிரான்சுவாஸுடன் சேர்ந்து பதிவேடுகளிலிருந்து பல்லாயிரம் பிறப்பு நேரங்களைத் திரட்டினார். அவர் திரட்டியவற்றில் பல இன்று அஸ்ட்ரோ-டேட்டாபேங்கிலும் இருக்கிறது, சேகரித்தவர் பெயரில் அவரைப் பார்க்கலாம். ராசிகளையும் கிரகங்களுக்கு இடையிலான பார்வைகளையும் சோதித்து ஒன்றும் கிடைக்காமல், கிரகத்தின் தினசரி ஓட்டத்தைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார். தலைசிறந்த விளையாட்டு வீரர்களில், செவ்வாய் உதித்த உடனேயோ உச்சிவானத்தைக் கடந்த உடனேயோ பிறந்தவர்கள் எதிர்பார்ப்பைவிட அதிகம் என்றார். எதிர்பார்ப்பு 17.2 சதவீதம், கண்டது 22 சதவீதம் அளவில். விஞ்ஞானிகளுக்குச் சனி, நடிகர்களுக்குக் குரு, எழுத்தாளர்களுக்குச் சந்திரன் என்றும் சொன்னார். சாதாரண வீரர்களிடம் இது தெரியவில்லை, புகழ்பெற்றவர்களிடம் மட்டுமே என்பது அவர் வாதத்தின் மையம்.

நம் முறையில் படிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். உதித்த உடனே என்பது லக்னப் புள்ளிக்குப் பின்தங்கிய பாகைகள். மேற்கத்திய பாவ முறையில் அது 12-ஆம் வீடு, அதாவது நாம் விரயம் என்று ஒதுக்கும் இடம். உச்சி கடந்த இடம் 9-ஆம் வீடு. லக்னப் புள்ளியைப் பாவத்தின் நடுவாக வைக்கும் ஸ்ரீபதி முறையில் எடுத்தால், அதே கிரகம் ஓரளவு முதல் பாவத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆக, எந்தப் பாவ முறை என்று முன்னாலேயே முடிவு செய்யாமல் இந்த முடிவைப் பாரம்பரியத்துக்கு ஆதரவாகவும் திருப்பலாம், எதிராகவும் திருப்பலாம். அது நேர்மையான சோதனை ஆகாது.

பிறகு நடந்தவை கலவையானவை. அசாதாரணக் கூற்றுகளைச் சோதிக்கும் பெல்ஜியத்தின் பாரா குழு 535 வீரர்களை எடுத்துப் பார்த்ததில் 22.2 சதவீதம் வந்தது. அமெரிக்காவில் 408 வீரர்களை வைத்துச் செய்த சோதனையில் 13.5 சதவீதம், எதிர்பார்ப்பைவிடக் குறைவு. பிரெஞ்சுக் குழு ஒன்று 1066 வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது, அவர்கள் விளைவு எதுவும் இல்லை என்றார்கள். யாரைச் சிறந்த வீரர் என்று பட்டியலில் சேர்ப்பது என்பதில்தான் இரு தரப்பும் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். பெற்றோரே நேரத்தைச் சொல்லிப் பதிந்த காலத்தில், நல்ல நேரம் என்று நம்பியதற்கு ஏற்பச் சிலர் நேரத்தைச் சற்று நகர்த்திச் சொல்லியிருக்கலாம் என்ற விளக்கத்தை ஜோதிட ஆய்வாளர் ஜெஃப்ரி டீன் முன்வைத்தார். நேரம் என்ற எண் எப்படி உண்டானது என்று கேட்பதால், கோள்களைப் பற்றிய வாதங்கள் பலவற்றைவிட அந்த விளக்கம் முக்கியமானது.

இந்தியாவில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரின் குழு நடத்திய சோதனையும் சொல்லத் தக்கது. படிப்பில் சிறந்த குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் என இரு வகை ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரிச் சரி விழுக்காடு 46. நாணயம் சுண்டினாலே 50 வரும்.

எப்படிச் சோதிப்பது

முதலில் விதியை எழுதிவைத்துத் தேதி போடுங்கள். எந்த யோகம், எந்த அயனாம்சம், ராகு கேதுவுக்குச் சராசரிக் கணக்கா உண்மைக் கணக்கா, பாவம் ராசியாலா பாகையாலா, வக்கிரமும் (பின்னோக்கிய ஓட்டம்) அஸ்தமனமும் (சூரியனுக்கு மிக அருகில் மறைதல்) யோகத்தை முறிக்குமா முறிக்காதா. தரவைப் பார்த்தபின் இவற்றில் ஒன்றை மாற்றினால் சோதனை முடிந்தது என்று பொருள். ஒன்பது கிரகம், பன்னிரண்டு இடம் என்று 108 கேள்வி கேட்டால், 5 சதவீத அளவுகோலில் ஐந்து கேள்விகளாவது சும்மாவே ஆம் என்று சொல்லும். அந்த ஐந்தை மட்டும் கட்டுரையாக எழுதுவதுதான் இத்துறையின் நெடுநாள் நோய்.

அடுத்து, ஒரே நாடு, ஒரு முப்பது ஆண்டுக் காலம், ஒரே பிரிவு, ஏஏ மட்டும் என்று மாதிரியை எடுங்கள். தளத்தில் பிரிவு, மதிப்பீடு ஆகியவற்றை வைத்துத் தேடலாம். மொத்தமாக வேண்டுபவர்களுக்கு எக்ஸ்எம்எல் ஏற்றுமதி வடிவம் உண்டு, அதன் நிபந்தனைகளைத் தளத்தில் படித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டும்? 17-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிரித்தறிய 500 ஜாதகம் வேண்டும். கஜகேசரி போல மூன்றில் ஒருவருக்கு உள்ள யோகம் 38 சதவீதமாக உயர்ந்திருக்கிறதா என்று காண 800. முப்பது நாற்பது ஜாதகத்தில் எடுத்த முடிவை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேதியையும் ஊரையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிறந்த மணியை மட்டும் உள்ளூர்ச் சராசரி நேரத்துக்கு மாற்றி, ஒருவருடையதை மற்றவருக்குக் குலுக்கிப் போடுங்கள். கிடைக்கும் போலி ஜாதகங்களில் அதே யோகத்தை எண்ணுங்கள். இப்படி ஆயிரம் முறை. உண்மையான எண்ணிக்கை அந்த ஆயிரத்தில் எங்கே விழுகிறது என்பதுதான் விடை. பிறந்த ஆண்டு, பருவம், அட்சம், மணியில் குவிந்த நேரங்கள், விடியலில் பிறப்பு அதிகம் என்ற இயல்பு எல்லாமே போலிக் குழுவிலும் அப்படியே இருப்பதால், மேலே சொன்ன பொறிகளில் பெரும்பாலானவை ஒரே அடியில் விலகிவிடும். இம்முறை லக்னம் சார்ந்த யோகங்களுக்கு மட்டுமே. கஜகேசரி, புதாதித்யம் போன்றவை தேதியாலேயே முடிவாவதால் மணியைக் குலுக்கிப் பயனில்லை. அவற்றுக்கு அதே ஆண்டுகளில், அதே நாட்டில் பிறந்து, தளத்திலேயே வேறு துறையில் இருப்பவர்களை ஒப்பிட வேண்டும்.

பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தேடி மறு பாதியில் சோதிப்பது மிக நல்ல பழக்கம். முதல் பாதியில் கண்ட விதி இரண்டாவதில் நிற்கவில்லை என்றால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

தளத்தின் குறைகளில் முதலாவது, யார் உள்ளே வருகிறார் என்பது. ஜோதிடர்கள் கவனித்த பிரபலங்கள்தான் உள்ளே வருகிறார்கள். ஓர் ஓவியரின் ஜாதகம் ஒரு விதிக்கு அழகாகப் பொருந்தினால் அது தேடிச் சேர்க்கப்படுவதற்கு வாய்ப்பு கூடுகிறது. கோக்லென் தரவில் இந்தச் சாய்வு குறைவு, ஏனெனில் அவர் துறைவாரிப் பெயர்ப் பட்டியலை முதலில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் தேடினார். ஆகவே சேகரித்தவர் பெயரால் பிரித்து இரண்டு குவியலாக எண்ணுவது அவசியம். இரண்டாவது குறை, பிரிவுகள் சீராக இல்லை. ஒருவர் எழுத்தாளர் என்ற பிரிவில் இருப்பார், அவரைவிட அதிகம் எழுதியவர் அரசியல்வாதி என்பதில் மட்டும் இருப்பார். பிரிவை அப்படியே நம்பாமல், விருது போன்ற தெளிவான அளவுகோலைப் பிடித்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, அண்மைக் காலத்தில் பிறந்தவர்களின் நேரம் மருத்துவமனை அட்டவணையைச் சார்ந்தது. அறுவை சிகிச்சையும் வலி தூண்டுதலும் வந்தபின் பிறப்புகள் வேலை நாள் பகலில் குவிகின்றன, சூரியன் 9, 10, 11-ஆம் இடங்களில் நிற்பது அதனால் கூடுகிறது. 1950-க்கு முன் பிறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

ஜாதகம் பார்த்துப் பலன் சொல்ல மட்டும் விரும்புபவர்களுக்கு இத்தளம் பெரிதாக உதவாது. நிரயனக் கட்டமோ தசாபுத்தியோ அந்தப் பக்கங்களில் இல்லை. ஜோதிடம் கற்பிப்பவர்கள், யோகங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள், புள்ளியியல் தெரிந்து இதில் ஆர்வம் கொண்டவர்கள் ஆகிய மூவரும் இதை விடக்கூடாது. இவ்வளவு பெரிய அளவில், ஒவ்வொரு நேரத்துக்கும் மூலம் காட்டி, இலவசமாகத் திறந்துவைத்திருப்பது அரிய சேவை. வகுப்பில் உதாரண ஜாதகம் காட்டும்போது ராடன் எழுத்தையும் கட்டத்தின் ஓரத்தில் எழுதும் வழக்கத்தை மட்டும் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை தீரும்.

பதிவுகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. புதிய ஆவணம் கிடைத்தால் டிடி ஏஏ ஆகும், நேரமே மாறவும் கூடும். ஆகவே தரவை எடுத்த தேதியை ஆய்வுக் கோப்பில் குறித்துக்கொண்டு, எடுத்த வடிவத்தை ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூலக் குறிப்பையும் நேர வலயக் குறியீட்டையும் சேர்த்தே சேமியுங்கள். பின்னால் ஒருவர் உங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்க வந்தால் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.